மணியை எங்கே கொண்டுபோய் விடுவது?

போன மாசம் அக்காவின் நாலு வயது மகனுக்கு இடது கண்மடலில் ஒரு சின்ன வீக்கம். கண்கட்டி என்று நினைத்து இரண்டு நாள் பார்த்தோம். மூன்றாம் நாள் வீக்கம் கொஞ்சம் தள்ளி, கண்ணின் ஓரத்துக்கு வந்திருந்தது. கண்கட்டி இடம் மாறாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். சின்ன சத்திரசிகிச்சை. வெளியே வந்தது வெள்ளை நூல் மாதிரி ஒரு புழு, உயிரோடு. வைத்தியர் கேட்ட முதல் கேள்வி: "வீட்டில நாய் இருக்கோ?"

இருக்கு. பேர் மணி, ஆறு வயசு.

அன்றிரவே அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டா. "உந்த நாயைக் கொண்டுபோய் எங்கையாவது சந்தைப் பக்கம் விட்டிட்டு வா." அக்கா ஒன்றும் பேசவில்லை. நான் இரண்டு நாள் தவணை கேட்டேன். அந்த இரண்டு நாளில் தேடிப் படித்ததன் சுருக்கம்தான் இந்தக் குறிப்பு.

புழுவின் பெயர் டைரோபிலேரியா ரெபென்ஸ். 'ரெபென்ஸ்' என்றால் லத்தீனில் ஊர்ந்து போவது. 1911-இல் வைத்த பெயர், பொருத்தமான பெயர். யானைக்கால் புழுவுக்கு இது தூரத்துச் சொந்தம். இதற்கு நாய்தான் சொந்த வீடு. நாயின் தோலுக்கு அடியில் ஆணும் பெண்ணும் சேர்ந்து குடித்தனம் நடத்தும். பெண் புழு 10 முதல் 17 சென்ரிமீற்றர் வரை நீளும். அது முட்டை இடுவதில்லை, குட்டிகளாகவே போடும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் குட்டிகள் நாயின் இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். பல நாய்கள் வெளியில் ஒரு அறிகுறியும் காட்டாது. மணியும் காட்டவில்லை, நல்லாச் சாப்பிட்டு, தபால்காரரைப் பார்த்துக் குரைத்துக்கொண்டுதான் இருந்தது.

இனி நுளம்பு. நாயைக் கடிக்கும்போது குட்டிகளும் இரத்தத்தோடு உள்ளே போகின்றன. நுளம்பின் உடம்புக்குள் ஏறத்தாழ இரண்டு வாரம் வளர்ந்தால்தான் அடுத்த உடம்புக்குள் புகும் தகுதி அவற்றுக்கு வரும். இந்த இரண்டு வாரத்தைக் கவனியுங்கள், முழு விசயமும் இதில்தான் இருக்கிறது. நாயைத் தடவினாலோ, நாய் நக்கினாலோ, பக்கத்தில் படுத்தாலோ இந்தப் புழு வராது. நுளம்பு இல்லாமல் பாதையே இல்லை.

இதைக் கண்டுபிடித்த கதையிலும் நாய்க்கு ஒரு பங்கு உண்டு. 1877-இல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் வேலை செய்த பற்றிக் மான்சன், மனிதரின் யானைக்கால் புழுக்குட்டி நுளம்புக்குள் வளர்வதைக் கண்டார். ஆனால் நுளம்பு தண்ணீரில் விழுந்து செத்த பிறகு, அந்தத் தண்ணீரைக் குடிப்பதால்தான் புழு தொற்றுகிறது என்று நினைத்தார். 1900-இல்தான் அது கடியால் வருகிறது என்பது தெளிந்தது. ஜோர்ஜ் லோ மனிதப் புழுவை நுளம்பின் ஊசிவாயிலேயே கண்டார். அதே வருடம் இத்தாலியில் கிராசியும் நொயேயும் நாயின் புழுவை வைத்து அதையே காட்டினார்கள்.

மனித உடம்பு இந்தப் புழுவுக்கு வழி தவறிப் போன இடம். பெரும்பாலும் ஒரே ஒரு புழுதான் தப்பி வளரும். சோடி கிடைக்காது, ஆகவே குட்டியும் இல்லை. தோலுக்கு அடியில் அலைந்து, எங்காவது ஒரு கட்டியாகி அடங்கிவிடும். கண்ணுக்குள்ளோ மடலிலோ வந்தால் ஊர்வது தெரியும், அதனால்தான் அங்கே அதிகம் பிடிபடுகிறது. வேறு இடத்தில் வந்தால் சிலவேளை புற்றுநோய்க் கட்டியோ என்று பயப்படுத்தும். புழுவை எடுத்துவிட்டால் அநேகமாக அதோடு சரி. இலங்கையில் சின்னப் பிள்ளைகளிடம் இது கணிசமாகக் காணப்படுகிறது. கேரளத்திலும் இத்தாலியிலும் உண்டு.

2016-இல் யானைக்கால் நோய் இலங்கையில் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்த வெற்றிக்கு மருந்து கொடுத்தது மனிதருக்கு. நாய்களுக்கு யாரும் கொடுக்கவில்லை.

இரண்டாம் நாள் மணியை மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். ஒரு சொட்டு இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் வைத்து, "வந்து பாருங்கோ" என்றார். சிவப்பணுக்களுக்கு நடுவே மெல்லிய நூல்கள் துள்ளிக்கொண்டிருந்தன. வயிற்றைப் பிசைந்தது. அம்மா சொன்னது சரிதானோ?

சரியில்லை. கடிக்கும் கட்டிக்கும் இடையில் மாதக்கணக்காகலாம். பிள்ளையைக் கடித்த நுளம்பு மணியிடமிருந்து வந்ததா, சந்தியில் படுத்திருக்கும் நாயிடமிருந்து வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. மணியைச் சந்தையில் விட்டால் அதன் இரத்தத்திலுள்ள குட்டிகளும் கூடவே போகும். அங்கே நுளம்பு இன்னும் அதிகம், பிள்ளைகளும் அதிகம். எங்கள் வீட்டுப் பிரச்சினையை வேறொரு அக்காவின் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வருவதுதான் அது. வீட்டில் வைத்து மருந்து கொடுத்தால் மட்டுமே அந்த ஊற்று அடைபடும்.

மருந்து இருக்கிறது. மாசம் ஒருமுறை பிடரியில் விடும் மொக்சிடெக்ரின் சொட்டு, இரத்தத்திலுள்ள குட்டிகளை ஒழிக்கும். ஒன்று மட்டும்: மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்ரினை நீங்களே அளந்து நாய்க்குக் கொடுக்காதீர்கள். கொலி போன்ற சில இன நாய்களுக்கு மரபணுக் குறையால் அது மூளைக்குள் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். அளவை மிருக வைத்தியர் சொல்லட்டும்.

இதையெல்லாம் அம்மாவுக்குச் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்ப பிள்ளைக்கு நுளம்பு வலை வாங்கியாச்சோ?" என்றா. வாங்கியிருக்கவில்லை. அதுதான் நான் முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

இப்போது வலை கட்டியாயிற்று. கிணற்றடியில் தண்ணீர் தேங்கிய பழைய வாளிகளைக் கவிழ்த்தாயிற்று, வடிகானும் துப்புரவு. மணிக்கு இரண்டாவது சொட்டு போன ஞாயிறு விட்டேன். மருமகனின் கண்ணில் ஒரு சின்னத் தழும்பு மட்டும். நேற்று அவன் தன் பாணில் பாதியை மணிக்குக் கொடுத்தான். அம்மா பார்த்தா, ஒன்றும் சொல்லவில்லை.