பாஸ்கா இரவு

எகிப்தில் அடிமைப்பட்டிருந்த முன்னோர் விடுதலை பெற்றதை யூதர்கள் ஆண்டுதோறும் பாஸ்கா பண்டிகையாகக் கொண்டாடுகிறார்கள். யூத நாட்காட்டியில் நீசான் மாதம் 15ஆம் நாள் இரவு. இன்றைக்கு மட்டும் என்ன விசேஷம் என்று வீட்டின் கடைக்குட்டி கேட்க, பெரியவர்கள் கதையைத் தொடங்குவார்கள். சாப்பாட்டிலும் அதே கதைதான். முன்னோர் எகிப்திலிருந்து அவசரமாகக் கிளம்பியதில் மாவு புளிக்க நேரமில்லை; அதனால் புளிப்பில்லாத அப்பம். அடிமை வாழ்வுக்குக் கசப்புக் கீரை, கண்ணீருக்கு உப்புநீர். விடுதலைக்கு முன் எகிப்தைத் தாக்கிய 10 வாதைகளைச் சொல்லும்போது, ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி திராட்சை ரசத்தைக் கிண்ணத்திலிருந்து எடுத்துச் சிந்துவார்கள். எதிரியும் துன்பப்பட்டான் அல்லவா, அதற்காகத் தங்கள் மகிழ்ச்சியில் சிறிது குறைத்துக்கொள்வதாக ஒரு விளக்கம் உண்டு. இந்தச் சடங்கில் மனத்தைத் தொடுவது இதுதான். மீதி ரசத்தை இடப்பக்கம் சாய்ந்தபடி குடிப்பார்கள். சாய்ந்து விருந்துண்பது பண்டைக்காலத்தில் சுதந்திர மனிதரின் அடையாளம்.