அத்தம் போல ஒரு பயணம்

"சாமி, நம்ம பிள்ளைங்க அயர்லாந்து பாடசாலைக்குப் போயி படிக்கிறதும், அந்தப் பிள்ளைங்க இங்க வர்றதுமா ஒரு பயணம் இருக்காமே. நம்ம பிள்ளைங்களுக்கும் கிடைக்குமா?"

பூனாகலையில் ஒரு தாய் எங்களிடம் கேட்டார். 2023 மார்ச்சில் கபரகலையில் மண் சரிந்தபோது வீட்டைவிட்டு வந்தவர். உடனே ஆம் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

மாணவர் பரிமாற்றம் உங்களுக்குப் புதிய காரியமல்ல. ஊவாவில் வயற்காரர் அத்தம் வைத்து வேலை செய்வதைப் பார்த்திருக்கிறீர்கள். இன்று என் வயலில் நீ, நாளை உன் வயலில் நான். கூலி இல்லை, ஆனால் கணக்கு உண்டு. நமது பிள்ளை அங்குள்ள ஒரு குடும்பத்தோடு தங்கிப் படித்தால், அவர்கள் பிள்ளை நம்மோடு தங்கிப் படிக்க வேண்டும். பணக்கார நாடும் ஏழை நாடும் கூடும்போது இந்தக் கணக்குத்தான் முதலில் மறக்கப்படுகிறது. வருவார்கள், பார்ப்பார்கள், படமெடுப்பார்கள், போய்விடுவார்கள். 2014 அக்டோபர் 29 மீரியபெத்தை மண்சரிவுக்குப் பின் பூனாகலைத் தமிழ்ப் பாடசாலையில் தங்கியிருந்தோருக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

அயர்லாந்தில் 15, 16 வயதுப் பிள்ளைகளுக்கு அரசாங்கப் பரீட்சை இல்லாத ஓர் ஆண்டு இருக்கிறது. 1974இல் தொடங்கிய ஏற்பாடு. தொழில் பழகவும் பயணம் போகவும் அதைப் பயன்படுத்துகிறார்கள். நமது பிள்ளைகளோ அந்த வயதில் சாதாரண தரப் பரீட்சைப் புத்தகத்தை விட்டுத் தலை நிமிர்வதில்லை!

அந்த நாட்டுக்குள்ளேயே நடக்கும் இன்னொரு பயணம் எங்களுக்கு அதிகம் பிடித்திருக்கிறது. ஐரிஷ் மொழி வீட்டு மொழியாக நிலைத்தது பெரும்பாலும் மேற்குப் பக்கத்து வறிய கிராமங்களில்தான். கோடை விடுமுறையில் நகரத்துப் பிள்ளைகள் அங்கே போய், மூன்று வாரமளவில் கிராமத்து வீடுகளில் தங்கி மொழி படிக்கிறார்கள். பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் வீடுகளுக்கு அரசாங்கம் பணம் கொடுக்கிறது. அங்கே ஏழைக் கிராமம்தான் ஆசிரியர்.

நமது பிள்ளை அங்கே போனால் சொல்ல என்ன இருக்கிறது? 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குச் செடிகள் கருகின. வெலிமடைக் கிழங்குக்காரருக்கு அந்த நோயைத் தெரியும். அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் பத்து இலட்சம் பேரளவில் மாண்டார்கள். அதே அளவினர் கப்பலேறினார்கள். வாடகை கட்ட முடியாத குத்தகைக்காரரை வெளியேற்றி, திரும்பி வராதபடி கூரையையும் பிரித்துப் போட்டார்கள். ஐரிஷ் பிள்ளை சரித்திரப் பாடத்தில் படிக்கும் வீடிழப்பை நமது பிள்ளை நேரில் கண்டிருக்கிறது.

கல்கத்தாவில் சியால்டா லொரேட்டோ பாடசாலைக்கு 1979இல் அதிபராக வந்தவர் சிரில் மூனி என்ற ஐரிஷ் அருட்சகோதரி. 1985இல் தெருப் பிள்ளைகளுக்குப் பாடசாலையின் கதவைத் திறந்தார். வசதியுள்ள மாணவியர் தங்கள் பாட நேரத்திலேயே அவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். வியாழக்கிழமைகளில் கிராமப் பாடசாலைகளுக்கும் போய்ப் படிப்பித்தார்கள். ஏழைகளிடம் பழகியதால் தமது மாணவியர் நல்ல மனிதராகிறார்கள் என்பதே அவரது எண்ணம். கடல் கடக்காமலே நடந்த பரிமாற்றம் இது. அவர் 2023இல் காலமானார்.

எனவே அழைப்பு வந்தால் பெற்றார் முதலில் சிலவற்றைக் கேளுங்கள். பிள்ளை யார் வீட்டில் தங்கும்? கூடப் போகும் ஆசிரியர் யார்? பரீட்சை மாதத்தில் பயணமா? அவர்கள் பிள்ளை எப்போது இங்கு வரும்? மண்ணோடு போன பிறப்புச் சான்றிதழின் பிரதியை இப்போதே பிரதேச செயலகத்தில் கேட்டு எடுத்து வையுங்கள். அது இல்லாமல் கடவுச்சீட்டு எடுப்பது பெரும்பாடு.

இதையெல்லாம் அந்தத் தாயிடமும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். தன் பிள்ளைகளோடு உறவினர் லயத்தில் ஒரே காம்பராவில் இருக்கிறார்.

"சரிங்க சாமி. அந்தப் பிள்ளை வந்தா எங்க படுக்க வைக்கிறது?"