வீதியும் வலம் வரும் வழிதான்

புதுக்கோட்டையிலிருந்து இலுப்பூர் வழியாக விராலிமலை செல்லும் சாலைதான் அன்னவாசலுக்குக் கடைவீதியாகவும் இருக்கிறது. பேருந்தும் லாரியும் இருசக்கர வாகனங்களும் விரையும் அந்தச் சாலையின் ஓரமாகவே, பிரதோஷ நாளின் மாலையில், வில்வ இலையும் பால் செம்பும் ஏந்திய முதியோர் சிவன் கோயிலை நோக்கி நடக்கின்றனர். தார் முடியும் இடத்தில் மண், மண் முடியும் இடத்தில் சாக்கடை மூடி. அம்மூடியின் மேல் ஒரு வண்டி நிறுத்தப்பட்டிருந்தால் சாலைக்குள் இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை. பின்னால் வரும் வாகனத்தின் ஒலிப்பான் அலறும்போது, கையில் உள்ள செம்பைக் காப்பதா, காலைக் காப்பதா என்று ஒரு கணம் திகைக்க வேண்டியிருக்கிறது.

இத்தகைய திகைப்பு இரண்டொரு முறை நேர்ந்துவிட்டால் வீட்டில் பேச்சு மாறிவிடுகிறது. "வேண்டாம்மா, வீட்டிலேயே விளக்கேற்றிக் கும்பிட்டுக்கொள்ளுங்கள்" என்று மகன் சொல்கிறான். அன்பினால் சொல்லும் சொல்தான் அது. ஆனால் ஐம்பது ஆண்டுகளாகத் தவறாமல் சந்நிதிக்குச் சென்றவர்களுக்கு அச்சொல் வாசற்கதவைச் சாத்துவது போன்றது. முழங்கால் வலியால் கோயிலுக்கு வர இயலாமற் போனவர்கள் உண்டு. வீதியின் அச்சத்தால் வராமல் நின்றவர்கள் அவர்களைவிடக் குறைவானவர்கள் அல்லர்.

பிராகாரத்தை வலம் வரும் முறைக்குப் பெரியோர் ஓர் உவமை கூறுவர். நிறைமாத கர்ப்பிணி ஒருத்தி, தலையில் எண்ணெய்க் குடம் சுமந்து, ஒரு துளியும் சிந்தாமல் எவ்வளவு மெதுவாக அடியெடுத்து வைப்பாளோ, அவ்வளவு நிதானமாக நடக்க வேண்டும் என்பர். மதிலுக்குள்ளே இன்றும் அப்படி நடக்க முடிகிறது. கோபுர வாசலைத் தாண்டி வெளியே வந்ததும் ஓட வேண்டியிருக்கிறது!

நம் ஊர்களின் அமைப்பு இதற்காக ஏற்பட்டதன்று. கோயிலை நடுவில் வைத்து, அதைச் சுற்றி மாட வீதிகளையும் தேரோடும் வீதிகளையும் வகுத்தவர்கள், தேர் திரும்புவதற்கும் வடம் பிடிப்போர் நிற்பதற்கும் இடம் வேண்டும் என்று எண்ணினார்கள். அதனால்தான் பல பழைய ஊர்களில் வேறெங்கும் இல்லாத அகலம் தேர் வீதிகளுக்கு மட்டும் வாய்த்திருக்கிறது. இன்றைக்கும் தேர்த் திருநாள் நெருங்கினால் ஆக்கிரமிப்புகள் அகல்கின்றன, பள்ளங்கள் நிரப்பப்படுகின்றன, குறுக்கே தொங்கும் கம்பிகள் கழற்றப்படுகின்றன. ஆண்டுக்கு ஒருநாள் இறைவனுக்காகச் செய்ய முடிந்ததை, எஞ்சிய நாட்களில் அவனைக் காண வரும் அடியார்களுக்காகச் செய்ய இயலாது என்று சொல்வது பொருந்தவில்லை.

புதுக்கோட்டைச் சீமைக்கு இது புதிய பாடமும் அன்று. 1807 முதல் 1825 வரை ஆண்ட விஜய ரகுநாதராய தொண்டைமான், தஞ்சை ரெசிடெண்ட் மேஜர் பிளாக்பர்னின் ஆலோசனையுடன், குறுகிய சந்துகளாக இருந்த புதுக்கோட்டை நகரை நேரான, அகன்ற வீதிகள் கொண்டதாக மாற்றி அமைத்தார். பின்னர், 1878 முதல் 1894 வரை திவானாக இருந்த சேஷையா சாஸ்திரி, பல்லவன் குளம் உள்ளிட்ட நீர்நிலைகளைச் சீர்செய்து நகரை மேலும் அழகுபடுத்தினார். இன்று ராஜ வீதிகளில் நடப்பவருக்கு அந்த நேர்த்தி புலப்படும். ஆனால் நடப்பதற்கென்று எஞ்சியிருக்கும் இடம் எவ்வளவு என்பதும் உடனே புலப்பட்டுவிடும்.

அன்னவாசலுக்கு அருகிலுள்ள சித்தன்னவாசல் குன்றிலோ இதைவிடப் பழைய சான்று இருக்கிறது. குகையிலுள்ள கல் படுக்கைகளை அடைய, சரிந்த பாறையில் கால் பதிக்க வெட்டிய ஏழு படிக்குழிகள் அங்கு உண்டு. ஏழடிப்பாட்டம் என்றே அவ்விடத்துக்குப் பெயர். ஊர்தி ஏறுவதில்லை என்ற நோன்பு பூண்ட சமணத் துறவியர் தங்கிய இடம் அது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, வழுக்காமல் நடக்க வேண்டும் என்பதற்காக யாரோ உளியெடுத்துப் பாறையைச் செதுக்கியிருக்கிறார்கள்.

நடைக்கு அடுத்தது மிதிவண்டி. அதில் இம்மாவட்டத்துக்கு நாடறிந்த பெருமை ஒன்று உண்டு. 1991-ஆம் ஆண்டு தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் பெண்களுக்கு இணைத்தார். வயல் வேலைக்குச் சென்ற பெண்களும், கல் குவாரியில் உழைத்தவர்களும், கிராம சுகாதார செவிலியர்களும் கேலிப் பேச்சைப் பொருட்படுத்தாமல் ஓட்டக் கற்றனர். 1992-ஆம் ஆண்டு மகளிர் தினத்தையொட்டி 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணியொலித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் மிதிவண்டியில் வந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். மிதிவண்டி ஓட்டத் தொடங்கிய கிராமப்புறப் பெண்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைக் கடந்தது. பெண்களுக்கான வண்டிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது ஆண்களின் வண்டியையே வாங்கினர். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. அன்று முப்பது வயதில் துணிந்து மிதித்தவர் இன்று அறுபதைக் கடந்தவர். பயமறியாமல் நெடுஞ்சாலையில் சென்ற அதே பெண்மணிதான் இப்போது கடைவீதியைக் கடக்கப் பிறர் கையைத் தேடுகிறார். அவருடைய பேத்திக்குப் பள்ளியில் அரசு விலையில்லா மிதிவண்டி கிடைக்கிறது. அதை ஓட்டிச் செல்லத் தனியிடம்தான் இல்லை.

அச்சம் வீண் அச்சமன்று. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். அவர்களில் நடந்து சென்றவர்கள் மட்டும் 32,825 பேர். ஏறத்தாழ ஐவரில் ஒருவர் எந்த வாகனத்திலும் ஏறாதவர். சாலையைக் கடக்கும் நேரத்தைக் கணக்கிடும் பொறியாளர்கள் பொதுவாக மனிதன் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பான் என்று கொள்கின்றனர். எழுபது வயதுக்காரர் பலரால் 0.8 மீட்டரே இயலும். பத்து மீட்டர் அகலச் சாலையை இளைஞர் எட்டரை வினாடியில் கடந்துவிடுவார். முதியவருக்குப் பன்னிரண்டரை வினாடி வேண்டும். அந்த நான்கு வினாடிக்குள் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி 55 மீட்டர் தூரத்தை விழுங்கிவிடும். 30 கிலோமீட்டர் வேகமானால் நிறுத்தவும் முடியும், மோதினாலும் உயிர் பிழைக்க வாய்ப்பு அதிகம். ஆகவேதான் மக்கள் நடமாடும் வீதிகளில் 30 கிலோமீட்டரே எல்லையாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது.

செய்ய முடியுமா என்று ஐயுறுவோர் பழனிக்குச் சென்று பார்க்கலாம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவைத் தொடர்ந்து, மலையைச் சுற்றியுள்ள கிரிவீதியின் ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டு, 2024 முதல் தனியார் வாகனங்கள் அவ்வீதியில் தடை செய்யப்பட்டன. நடக்க இயலாதவர்களுக்குத் தேவஸ்தானமே கட்டணமின்றி வாகனம் இயக்குகிறது. கடைக்காரர்களுக்கு வருத்தம் இருந்தது. பிழைப்பைப் பற்றிய அவர்கள் கவலையை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் காவடி எடுத்து வருபவர் இன்று முன்பின் பாராமல் ஆடிக்கொண்டே வலம் வருகிறார். மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சூழ்ந்த சித்திரை வீதிகள் பல ஆண்டுகளாகவே வாகனமின்றி இருக்கின்றன.

கடல் கடந்தும் ஓர் உதாரணம் உண்டு. ஸ்பெயின் நாட்டில் பொன்டெவெத்ரா என்னும் சிறு நகரம், சந்தியாகோ தலத்துக்கு நடந்து செல்லும் கிறிஸ்தவ யாத்திரிகர்களின் பாதையில் அமைந்தது; அங்குள்ள தேவாலயத்து மாதாவுக்கே யாத்திரிக மாதா என்று பெயர். 1999-இல் பதவியேற்ற மேயர் லோரெஸ் நகர மையத்திலிருந்து கார்களை விலக்கினார். வணிகம் பாழாகும் என்று அங்கேயும் எதிர்த்தார்கள். இன்று உலகெங்குமிருந்து அந்நகரைக் காணப் பொறியாளர்கள் வருகிறார்கள்.

அன்னவாசல் பழனியும் அன்று, பொன்டெவெத்ராவும் அன்று. சாலையை மூடிவிட முடியாது. பேருந்து போயாக வேண்டும். தேவை மிகச் சிறிது. தடையில்லாமல் 1.8 மீட்டர் அகல நடைபாதை வேண்டும் என்பது இந்திய சாலைக் காங்கிரஸின் விதி. அதன் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஏனெனில் ஓர் அடி உயரத்தில் கட்டிய நடைபாதை, முட்டி தேய்ந்தவருக்கு இன்னொரு சுவர்தான். கோயில் திரும்பும் இடத்திலும் பள்ளி வாசலிலும் வேகத்தடையும் வெள்ளைக்கோடும், அந்தி நேரத்துக்கு ஒரு விளக்கும், ஆடாத சாக்கடை மூடியும் வேண்டும். இத்தகைய சாலைகளில் தார்ப் பகுதிக்கு நெடுஞ்சாலைத் துறையும், கழிவுநீருக்கும் தெருவிளக்குக்கும் பேரூராட்சியும் பொறுப்பு. இரண்டுக்கும் இடையிலுள்ள மூன்றடி மண்ணுக்குத்தான் கேட்பாரில்லை.

அடியார்கள் பங்கும் இதில் இருக்கிறது. அலங்கார வளைவுக்கும் சலவைக்கல் தளத்துக்கும் பெயர் பொறித்து உபயம் செய்வோர் பலர்; சாக்கடை மூடிக்கு உபயதாரர் கிடைப்பதில்லை. அம்மாவைக் கோயில் வாசலில் இறக்கிவிடும் மகன், தன் வண்டியை அங்கேயே குறுக்காக நிறுத்திவிட்டு உள்ளே போகிறான். அடுத்து வரும் பாட்டி அதைச் சுற்றிக்கொண்டுதான் சாலையில் இறங்குகிறாள்.

திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியரகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடைபெறுகிறது. கடைவீதியின் எந்த இடத்தில் எத்தனை அடி மண் பாதை இருக்கிறது, எந்த மூடி உடைந்திருக்கிறது என்று அளந்து குறித்துக்கொண்டு, நடந்து வருவோரும் மிதிவண்டியில் வருவோருமாக நாற்பது ஐம்பது பேர் கையொப்பமிட்டுக் கொடுத்தால் அம்மனுவுக்கு எண் விழும். அதன் நகலை நெடுஞ்சாலைத் துறைக்கும் பேரூராட்சிக்கும் தனித்தனியே அனுப்புவது நல்லது. அளப்பதற்கு ஏற்ற நேரம் பிரதோஷ மாலை. கையொப்பமிட வேண்டியவர்கள் எல்லாரும் அப்போது நந்திக்கு முன்னால்தான் இருப்பார்கள்.