வால்வின் இனிமையும் வீட்டுக் கணக்கும்

சிவாஜி நகரிலோ ஸ்ரீராமபுரத்திலோ இரண்டு அறை வாடகை வீட்டில் வாழும் நம்மவர்க்கு, இரவு ஒன்பது மணிக்குமேல் பாட்டுக் கேட்பது எளிதன்று. பிள்ளை பரீட்சைக்குப் படிக்கிறான். சுவருக்கு அப்பால் அண்டை வீட்டார் உறங்குகின்றனர். ஆகவே ஹெட்போனை நாடுகிறோம். பழைய ரேடியோப் பெட்டியின் இதமான நாதம் நினைவுக்கு வரவே, வால்வு ஆம்ப்ளிபயர் வாங்கும் ஆசையும் எழுகிறது.

வால்வு பெங்களூருக்குப் புதியதன்று. 1954இல் இங்கே தோன்றிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961இல் ரேடியோ வால்வுகளைச் செய்யத் தொடங்கிற்று. பின்னர் டிரான்ஸிஸ்டர் வந்து வால்வை ஒதுக்கிற்று. எனினும் இசை அன்பர் சிலர் அதனைக் கைவிட்டாரில்லர். வால்வு, மூல சுரத்தோடு அதன் மேல் ஸ்தாயி சுரத்தையும் சிறிதளவு கலந்துவிடுகிறது. கணக்கின்படி அது பிழையே. காதுக்கோ இனிய பிழை!

சென்ற ஆண்டு யான் விலை மலிவை மட்டும் கண்டு ஒன்று வாங்கினேன். மிருதங்கத்தின் தொப்பி நாதம் தளர்ந்து ஒலித்தது. பாட்டு நின்றபோது இரைச்சல் எழுந்தது. “மாதச் செலவில் மிச்சம் பிடித்த பணமாயிற்றே!” என்று இல்லாள் வருந்தினாள். பொருத்தம் பாராதது என் குற்றமே.

பொருத்தமாவது யாது? ஹெட்போனின் தடையை ஓம் என்னும் அளவால் குறிப்பர். ஆம்ப்ளிபயரின் வெளியீட்டுத் தடை அதில் எட்டில் ஒரு பங்குக்கு மேற்படாதிருத்தல் நலம். என்னுடையது 32 ஓம். அதற்கு 4 ஓமுக்கு மேல் ஆகாது. டிரான்ஸ்பார்மர் இன்றி வால்விலிருந்தே ஒலி தரும் மலிவுக் கருவிகளில் இத்தடை மிகுதி. சென்ஹைசர் எச்.டி. 600 போன்ற 300 ஓம் ஹெட்போன்களுக்கே அவை ஏற்றவை. 32 ஓம் உடையோர், முன்னே வால்வும் பின்னே டிரான்ஸிஸ்டரும் அமைந்த கலப்பு வகையை நாடுக.

எஸ்.பி. ரோடு கடைகளுக்குச் செல்லுங்கால் நும் ஹெட்போனையும் கொண்டு சென்று, ஒலியைக் கூட்டி இரைச்சல் உளதா எனக் கேட்டுப் பாருங்கள். வால்வின் அடியில் சிறு விளக்கை ஒளித்து வைத்து மினுக்குவாரும் உளர்; மெய்யான வால்வின் ஒளி மங்கிய செம்பொன் நிறமே. நம் 230 வோல்ட் மின்சாரத்துக்கு ஏற்றதா, இ.சி.சி. 82 போல் எளிதில் மாற்றக்கூடிய வால்வா என்றும் வினவுக. உயர் மின்னழுத்தக் கருவியாயின், நிறுத்திய பின்னும் உள்ளே மின்சாரம் தங்கும், மூடியைத் திறவாதீர். சிறுவர் கைக்கும் எட்டாதிருக்கட்டும்.

ஒன்று மறவற்க. கைபேசியிலேயே ஒலி போதுமாயின் ஆம்ப்ளிபயரே வேண்டா. அப்பணத்தை நல்ல ஹெட்போனுக்கு அளியுங்கள். வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல் அளவே வளர்ந்தோர் செவிக்கு எல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. செவியும் சேமிப்பும் குன்றாது இசையின்பம் துய்ப்போமாக!