பதினெட்டு வயதும் மனநல மருத்துவமும்

ஒருவர் 18 வயதை எட்டுவது ஒரே நாளில் நிகழ்ந்துவிடுகிறது. அவரைப் பற்றிய மனநோயோ பிறந்தநாளைப் பார்த்து விலகுவதில்லை. மனநோய்களுள் பாதி 14 வயதுக்குள்ளும், முக்காற்பங்கு 24 வயதுக்குள்ளும் தொடங்குகின்றன என்று 2005ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. ஆதலின், நோய் மிகுதியாகத் தலைகாட்டும் பருவத்தின் நடுவிலேயே இளையோர் மருத்துவம் முடிந்து, வயதுவந்தோர் மருத்துவம் தொடங்குகிறது.

மலேசியாவில் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிரம்பியவர் வயதுவந்தவராவார். அதுவரை பெற்றோரின் இசைவோடு நடந்த சிகிச்சை, அதன்பின் அவருடைய இசைவையே நாடும்.

கிள்ளானில் ஒரு மாணவனை எண்ணிப் பார்க்கலாம். மனச்சோர்வுக்காகத் தாய் அவனை ஒரே மருத்துவரிடம் இரண்டாண்டுகள் அழைத்துச் செல்கிறாள். எஸ்.பி.எம். தேர்வு முடிந்ததும் அவன் பிரிக்பீல்ட்ஸில் அறையெடுத்து வேலைக்குப் போகிறான். புது இடம், புது வேலை, புது மருத்துவர் என மூன்றும் ஒருங்கே வருகின்றன. மருத்துவரைக் காணவேண்டிய முதல் நாளை அவன் தவறவிட்டால் தேடி வருவார் யார்? மாத்திரை தீர்கிறது, நோய் மீள்கிறது.

இது கற்பனைக் கவலையன்று. இங்கிலாந்தில் சுவரன் சிங் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வாறு மாறியவர்களுள் 100க்கு 5 பேருக்கும் குறைவானவர்களுக்கே மாற்றம் செவ்வையாக அமைந்திருந்தது. 2016இல் அந்நாட்டில் வகுக்கப்பட்ட நெறிமுறை, 13, 14 வயதிலேயே ஆயத்தம் தொடங்க வேண்டும் என்கிறது. மாற்றத்திற்கு முன்னும் பின்னும் ஆறு மாதமேனும் ஒரே பணியாளர் துணைநிற்க வேண்டும் என்றும் கூறுகிறது. ஆஸ்திரேலியாவோ 2006 முதல் 12 வயதிலிருந்து 25 வயது வரையுள்ளோர்க்கென்றே தனி நிலையங்களை அமைத்து, 18 என்னும் கோட்டையே தாண்டிவிட்டது.

தமிழ்க் குடும்பங்களில் இன்னொரு தடையும் உண்டு. 1911இல் மனநோய் மருத்துவமனை எழுந்த தஞ்சோங் ரம்புத்தானின் பெயரே ஏச்சாகிவிட்டது. அவ்வச்சத்தால், பிள்ளை வளர்ந்ததும் "இனிக் குணமாகிவிட்டது" என்று சிகிச்சையை நிறுத்துவோர் உளர். திருமணப் பேச்சு வந்துவிட்டால் மறைப்பு இன்னும் மிகும்.

செய்யத்தக்கவை எளியவையே. 16 வயதிலிருந்து பிள்ளை மருத்துவரோடு சிறிது நேரம் தனித்துப் பேசட்டும். தன் நோயின் பெயர், மருந்து, அளவு, நோய் திரும்புவதன் முதல் அறிகுறி ஆகியவற்றை அவனே அறிந்திருக்கட்டும். பழைய மருத்துவரிடம் விரிவான கடிதம் பெற்று, அவர் பார்வையில் இருக்கும்போதே புதியவரை ஒருமுறை காண்பது நலம். சுகாதார அமைச்சின் மெந்தாரி மையங்கள் வேலை தேடவும் உதவுகின்றன.

தாய் கையை விட வேண்டியதுதான். ஆயின், மற்றொரு கை பற்றிக்கொண்ட பின்னரே விட வேண்டும்.