மொத்தம் மட்டும் ஏறவே இல்லை!

2025-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 13-ந் தேதி காலை, காபியும் கையுமாகப் பத்திரிகையைப் பிரித்த எனக்கு ஒரே சந்தோஷம். அக்டோபர் மாதத்தில் நாட்டின் சில்லறை விலைவாசி உயர்வு நூற்றுக்கு 0.25 தான் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். உணவுப் பொருள்களை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால், முந்திய வருஷத்தைவிட நூற்றுக்கு ஐந்து குறைந்தே போய்விட்டதாம்! 2012-ஐ அடிப்படையாக வைத்துப் போட்டு வந்த அந்தக் கணக்கு வரிசையில் இவ்வளவு குறைந்த உயர்வு அதற்கு முன் பதிவானதே இல்லை.

இப்படி ஒரு நல்ல செய்தி கிடைத்தால் மனைவிக்குச் சொல்லாமல் இருக்க முடியுமா? அடுப்படிப் பக்கம் திரும்பி உரக்கப் படித்தேன். உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நானும் விடவில்லை.

"நம்ம வீட்டையே எடுத்துக்கோயேன். 2021-லே மாசம் பன்னிரண்டாயிரம் ஆச்சு. இன்னிக்கும் அதே பன்னிரண்டாயிரம்தான் ஆகுது. விலைவாசி, விலைவாசின்னு சும்மா கூச்சல் போடறாங்க!"

மிக்ஸி நின்றது. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தவள், அரிசி டிரம்மின் மேலிருந்த நீள நோட்டுகள் ஐந்தையும் எடுத்து என் பத்திரிகையின் மீதே வைத்தாள்.

"நீங்க மாசா மாசம் குடுக்கிறது பன்னிரண்டாயிரம். அதனாலே மொத்தமும் பன்னிரண்டாயிரம். மொத்தத்தைப் பார்க்காதீங்க, மேலேயிருந்து படிங்க" என்றாள். அவ்வளவுதான், மறுபடி மிக்ஸி ஓட ஆரம்பித்துவிட்டது.

எங்கள் வீட்டில் நாலு பேர். மதுரைவாசிகள். மளிகை கீழமாசி வீதியில், காய்கறி தெருவோடு வருகிற வண்டியில், பால் ஆவினில். வருஷத்துக்கு ஒரு நோட்டு வீதம் இத்தனையும் அவள் கையெழுத்தில் இருக்கிறது. மாதக் கடைசியில் கூட்டுத் தொகையை மட்டும் பார்த்துத் தலையை ஆட்டுவது என் வேலை. அன்றுதான் முதல் தடவையாக மேலேயிருந்து படித்தேன்.

2022 நவம்பர் 4-ந் தேதி வரையில் "ஆரஞ்சு பால் அரை லிட்டர் – 24" என்று இருக்கிறது. 5-ந் தேதியிலிருந்து அந்தப் பால் 30 ரூபாய். ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம். அரை லிட்டருக்கு ஒரே நாளில் ஆறு ரூபாய். ஆனால் எங்கள் நோட்டில் முப்பது என்ற எண் இரண்டே நாள்தான் வருகிறது. மூன்றாம் நாள் முதல் "பச்சை – 22". ஆறு ரூபாய் ஏறிய இடத்தில் எங்கள் வீட்டுச் செலவு இரண்டு ரூபாய் குறைந்திருக்கிறது! அந்த மாதத்தில்தான் "இப்போ டிகாக்ஷன் நல்லா இறங்குது" என்று நான் காபியைப் புகழ்ந்தேன் என்பது ஞாபகம் வந்தது. இறங்கியது டிகாக்ஷன் அல்ல, பாலின் கொழுப்பு.

எண்ணெய்க் கதை இன்னும் பெரிது. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் யுத்தம் மூண்டது. நம் நாடு இறக்குமதி செய்த சூரியகாந்தி எண்ணெயில் பெரும் பங்கு அந்தத் தேசத்திலிருந்து வந்ததுதான். அது போதாதென்று ஏப்ரல் 28-ந் தேதி இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியையும் நிறுத்தி வைத்தது. மே 23-ந் தேதிதான் மறுபடி திறந்துவிட்டது. எங்கேயோ குண்டு விழுந்தால் மதுரையில் வடை சுடுகிறவளுக்குக் கை சுடும் என்பதை அந்த வருஷத்து நோட்டு நன்றாகவே சொல்கிறது. மார்ச்சில் "ரீபைண்டு – 3 லிட்டர்". மே மாதம் "2 லிட்டர், ரேஷன் பாமாயில் 1 – 25". ஜூனிலிருந்து அப்பளக் கட்டு ஒன்றுக்குப் பதில் பாதி. விலை பிற்பாடு இறங்கியது வாஸ்தவந்தான். மூன்றாவது லிட்டர் மாத்திரம் திரும்பி வரவே இல்லை. அதற்குள் 2024 செப்டம்பரில் இறக்குமதித் தீர்வையைக் கூட்டிவிட்டார்கள்; மறுபடி ஏற்றம்.

அந்த நாளில் என் மனைவி, "பொரிச்ச அப்பளம் உங்க கொலஸ்டிராலுக்கு ஆகாதுங்க" என்று சொல்லிச் சுட்ட அப்பளம் போட ஆரம்பித்தாள். என் உடம்பில் அவளுக்கு எத்தனை அக்கறை என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்!

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடைகளில் அறுபது ரூபாய்க்கு வைத்து விற்றார்கள். எங்கள் நோட்டில் அந்த மாதம் முழுவதும் "தக்காளி ¼". அதற்கு நேர் எதிரே புளி அரைக் கிலோ கூடியிருக்கிறது. 2025-இல் தேங்காயின் முறை. பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புகளில் வெள்ளை ஈயும் வாடல் நோயும் புகுந்து காய்ப்பைக் குறைத்துவிட்டன. தேங்காய் எண்ணெய் விலை சொல்லி மாளாது. "தேங்காய் – 8" என்பது நாலாகி, கீழே பொட்டுக்கடலை ஒன்றரைப் பங்கு ஏறியிருக்கிறது. சட்னி நிறம் மாறிய மர்மமும் விளங்கிவிட்டது. துவரம்பருப்பு வெளிக்கடையில் நூற்றைம்பதைத் தாண்டி நின்ற மாதங்களில், ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைத்த ஒரு கிலோவும், 2011 ஜூன் முதல் விலையில்லாமல் வருகிற அரிசியும் இல்லாவிட்டால் எத்தனையோ வீட்டு நோட்டுகள் மாத நடுவிலேயே மூடியிருக்கும்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இறங்கிய சாமானும் உண்டு. சமையல் எரிவாயு சிலிண்டர், சென்னைக் கணக்குப்படி, 2023 ஆகஸ்டில் 1118 ரூபாய் 50 காசாக இருந்தது. 2025 ஏப்ரலில் ஐம்பது ரூபாய் ஏற்றிய பிறகும் 868 ரூபாய் 50 காசாகத்தான் இருந்தது. 2025 செப்டம்பர் 22-ந் தேதி சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் இவற்றின் வரியை நூற்றுக்குப் பதினெட்டிலிருந்து ஐந்தாகக் குறைத்தார்கள். நோட்டில் அந்த அக்டோபரில் சோப்புக்கு நேரே ஒரு சின்ன டிக் அடையாளம் இருக்கிறது. சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

தலை தட்டிய படி

பிஸ்கட் என்றதும் வேறொன்று. ஐந்து ரூபாய்ப் பாக்கெட் எத்தனையோ வருஷமாக ஐந்து ரூபாய்தான். அதை நோட்டில் எழுதினால் விலை ஏறியதாகவே தெரியாது. ஆனால் என் மனைவி விலைக்குப் பக்கத்தில் எடையையும் குறித்து வைத்திருக்கிறாள். வருஷத்துக்கு வருஷம் கிராம் தேய்கிறது. எண்ணெய் பாக்கெட்டும் அப்படித்தான். பார்வைக்கு ஒரு லிட்டர், பின்பக்கத்துப் பொடி எழுத்தில் எண்ணூற்றுச் சொச்சம் மில்லி.

முன்பெல்லாம் பிஸ்கட், டீ, எண்ணெய், சோப்பு போன்றவற்றை இன்னின்ன எடையில்தான் கட்ட வேண்டும் என்று விதிகளில் ஓர் அட்டவணை இருந்தது. 2021-இல் செய்த திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். அதற்கு ஈடாகத்தான் ஒரு கிராம், ஒரு மில்லி என்ன விலை என்று பாக்கெட்டின் மேல் அச்சிட வேண்டும் என்ற ஏற்பாடு. 2024 ஜனவரி முதல் அது கட்டாயம். வாசகர்கள் அடுத்த தடவை கடைக்குப் போகும்போது கண்ணாடியை மறக்காமல் எடுத்துப்போய் அந்த எழுத்தைத் தேடிப் பார்க்கலாம். இரண்டு பாக்கெட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது மலிவு என்று அதுதான் சொல்லும்.

இது புதிய வித்தையும் அல்ல. எங்கள் பாட்டி, கடைக்காரர் படியைக் குவித்து அளந்த காலத்தையும், பிறகு தலை தட்டி அளந்த காலத்தையும் கதை கதையாகச் சொல்லுவாள். விலை என்னவோ ஒன்றுதான். கைதான் படியின் தலையைத் தட்டிற்று. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தபோதும் இதே தகராறு. ஓரணாவுக்கு ஆறே கால் நயா பைசா. கால் பைசாவுக்கு எங்கே போவது? ஓரணாவுக்கு ஆறு, மூன்றணாவுக்குப் பத்தொன்பது என்று அட்டவணை போட்டார்கள். எங்கள் தெருக் கடையில் ஓரணா ஏழாகத்தான் இருந்தது என்று பாட்டி கடைசி வரையில் சாதித்தாள்.

அப்புறம் கொசுறு. ஐந்து வருஷத்துக்கு முன்னால் காய் வண்டிக்காரர் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் பையில் தாமாகவே போடுவார். கொசுறுக்குக் கணக்கு ஏது? 2023-லிருந்து "க.வேப்பிலை 5, மல்லி 10" என்று நோட்டில் தினப்படி வரி. அவரையும் குற்றம் சொல்வதற்கில்லை. அவர் வீட்டிலும் ஒரு நோட்டு இருக்கும்.

மாலையில் மனைவி சற்று ஓய்வாக உட்கார்ந்தபோது, "அப்போ பத்திரிகையில் போட்டது பொய்யா?" என்று கேட்டேன்.

"பொய்னு யார் சொன்னா? போன வருஷம் எவ்வளவு ஏறிச்சுன்னு பாருங்க" என்றாள்.

பார்த்தேன். 2024 அக்டோபரில் உணவு விலை மாத்திரம் நூற்றுக்கு 10.87 ஏறியிருந்தது. 2023 அக்டோபரில் நூறு ரூபாய்க்கு வாங்கிய சாமான் அடுத்த வருஷம் 110 ரூபாய் 87 காசு. 2025-இல் அதிலிருந்து நூற்றுக்கு ஐந்து இறங்கி 105 ரூபாய் 30 காசு. குறைந்தது நிஜம், நூறுக்குத் திரும்பவில்லை என்பதும் நிஜம். என் பன்னிரண்டாயிரமோ நூறிலேயே நின்றுகொண்டிருந்தது.

மறுபடி நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 2021-இல் ஒன்று விட்டு ஒரு நாள் "பூ – 15" என்று வருகிறது. 2022-இல் வெள்ளிக்கிழமைகளில் மட்டும். 2023-இல் ஆடி வெள்ளி, தீபாவளி, பொங்கல். 2024, 2025 இரண்டு நோட்டிலும் பூ என்ற எழுத்தே இல்லை. மல்லிகைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் இது. இரண்டு வருஷமாக என் எதிரில் நடமாடுகிறவளின் தலையில் பூ இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

"ஏம்மா, பூ வாங்கறதில்லையா?"

"முடியே கொட்டுது. பூ எதுக்கு?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். கொலஸ்டிரால் கதை போலவே இருந்தது.

செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். பனிக்காலம், செடியில் பூ குறைவு. முழம் ஐம்பது ரூபாய் என்றார் பூக்காரம்மா. பேரம் பேசவில்லை. வாழையிலையில் சுற்றி வாங்கிவந்து கொடுத்தேன். மனைவி ஒன்றும் பேசாமல் பிரித்தாள். சரத்தை முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீட்டி அளந்து பார்த்தாள்.

"எவ்வளவு?"

"ஐம்பது."

"நாலு விரல் குறையுது" என்றாள். தலையில் வைத்துக்கொண்டாள். பிறகு நோட்டைத் திறந்து, "பூ – 50" என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு "நாலு விரல் குறைவு" என்றும் எழுதினாள்.