பாறைக்கும் பதம் உண்டு

அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவர்கள் வெப்பமானியைத் தேடுவதில்லை. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். கரைந்து போனால் இன்னும் காய வேண்டும். உருண்டு வந்தால் இறக்கிவிடலாம். பாகு தன் சூட்டைத் தானே சொல்லிவிடும். பாறையிலும் இப்படிப் பதம் பார்க்கலாம் என்று காட்டியவர் ஜார்ஜ் பாரோ.

லண்டனில் 1853-ல் பிறந்த பாரோ, 1876-ல் பிரிட்டனின் அரசு நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். பின்னர் ஸ்காட்லாந்தின் தென்கிழக்கு மலைநாட்டுக்கு நிலவியல் வரைபடம் போடும் வேலை வந்தது. ஒரு மைல் நிலத்துக்குத் தாளில் 6 அங்குலம் என்று கணக்கு. ஓடை ஓடையாக, மேடு மேடாக நடந்து, சுத்தியலால் தட்டி, எந்த இடத்தில் எந்தப் பாறை என்று குறித்துக்கொண்டே போக வேண்டும். புல்லும் புதரும் ஈரக் கரிமண்ணும் போர்த்திய பூமி அது. பாறை தலைகாட்டும் இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கிளென் கிளோவா, கிளென் எஸ்க் போன்ற பள்ளத்தாக்குகளில் அவர் பார்த்த பாறைகள் பலவும் ஒருகாலத்தில் கடலடிச் சேறாக இருந்தவை. ஒரே மாதிரிச் சேறுதான். ஆனால் மலைநாட்டின் தெற்கு விளிம்பிலிருந்து உள்ளே போகப் போக, அதே சேற்றில் விளைந்திருந்த கனிமங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறிக்கொண்டே வந்தன. சூடு ஏற ஏறப் பாறை வேறு வேறு பதத்துக்கு வந்திருக்கிறது என்று அவர் புரிந்துகொண்டார். 1893-ல் வெளியிட்ட கட்டுரையில் மூன்று பதங்களைப் பிரித்து வரைந்தார். 1912-ல் சூடு குறைந்த பகுதிகளையும் சேர்த்துக்கொண்டார். 1920-களில் செசில் டில்லி அந்த வேலையைத் தொடர்ந்து செம்மைப்படுத்தினார். குளோரைட், பயோடைட், கார்னெட், ஸ்டாரோலைட், கயனைட், சிலிமனைட்: நிலவியல் மாணவர்கள் இன்றும் மனப்பாடம் செய்யும் வரிசை இது. உலகின் எந்த மலைத்தொடரில் இந்த வரிசை தென்பட்டாலும் அதற்குப் பாரோவின் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

இவற்றில் கயனைட்டைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். நீளநீளமான தகடுகளாக, மங்கிய நீலத்தில் இருக்கும். பேனாக்கத்தியால் நீளவாக்கில் கீறினால் கோடு விழும். அதே கல்லைக் குறுக்கே கீறினால் கத்திதான் வழுக்கும். ஒரே கல்லுக்கு இரண்டு உறுதி. இதைவிட வியப்பு ஒன்று உண்டு. கயனைட், சிலிமனைட், ஆண்டலூசைட் மூன்றுக்கும் வேதிக் கலவை ஒன்றேதான்: அலுமினியம் 2, சிலிக்கன் 1, ஆக்ஸிஜன் 5. அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதம் மட்டும்தான் வேறு. அழுத்தம் குறைந்த மேல்மட்டத்தில் ஆண்டலூசைட், அழுத்தம் கூடிய ஆழத்தில் கயனைட், வெப்பம் மிகுந்தால் சிலிமனைட். ஏறக்குறைய 500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், பூமிக்கடியில் 14, 15 கிலோமீட்டர் ஆழத்தின் அழுத்தத்தில், மூன்றும் சேர்ந்தே இருக்கலாம். ஆக, கையிலிருக்கும் கல் எவ்வளவு சூடு கண்டது என்பதோடு எவ்வளவு ஆழம் போய் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறது. மலை ஒன்று எழுந்த கதைக்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

பாரோ ஓரிடத்தில் தவறினார். உருகி உள்ளே புகுந்த கருங்கல் குழம்புதான் அத்தனை சூட்டையும் தந்தது என்று நம்பினார். சுமார் 47 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு கண்டத்தின் விளிம்பில் எரிமலைத் தீவு வரிசை ஒன்று வந்து மோதியதில், பாறைகள் மடிந்து, புதைந்து, வெந்தன என்பது பிற்காலத்து அறிவு. கண்டங்கள் நகரும் என்பது ஏற்கப்படுவதற்கு வெகுகாலம் முன்பே, 1932-ல், அவர் இறந்துவிட்டார். ஆனால் நடந்து நடந்து அவர் வகுத்த பதங்களின் வரிசை இன்றும் அப்படியே நிற்கிறது.

அந்த வரிசை சிக்கிமில் தலைகீழாகக் கிடக்கிறது. ஆழம் கூடினால் சூடும் கூட வேண்டும். அங்கேயோ பாறை அடுக்குகளில் கீழே குளோரைட், மேலே போகப் போகக் கார்னெட், கயனைட், உச்சத்தில் சிலிமனைட். இந்தியா ஆசியாவோடு மோதியபோது, ஆழத்தில் வெந்துகொண்டிருந்த பாறை ஒரு பெரும் பிளவின் வழியே தெற்கே தள்ளப்பட்டு, ஆறிய பாறையின் மேல் ஏறிக்கொண்டது. கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்கி ஆறின பாத்திரத்தின் மேல் வைத்த மாதிரி. இது மட்டும்தான் காரணமா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

நமக்கு இன்னும் பக்கத்தில் கன்னியாகுமரி மணல் இருக்கிறது. குமரி அம்மனுக்கு நடக்காமல் போன கல்யாணத்தின் அரிசிதான் அங்கே மணலாகிக் கிடக்கிறது என்பார்கள். அந்த மணலில் ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் வைத்துப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ரோஜா நிறத்தில் மின்னுவது கார்னெட், கறுப்பாக இருப்பது இல்மனைட். நிறமில்லாத குருணைகளுக்கு நடுவே சிலிமனைட்டும் இருக்கும். மணவாளக்குறிச்சியில் கார்னெட்டையும் இல்மனைட்டையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்கிறார்கள். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானாப் பெருங்கண்டம் ஒன்றுகூடிய நாளில், 800 டிகிரிக்கும் மேல் வெந்த பாறைகளிலிருந்து வந்த மணல் இது. பாரோவின் கடைசிப் பதத்தையும் தாண்டிய சூடு. அன்று அவற்றின் மேல் நின்ற மலைகள் தேய்ந்து மறைந்துவிட்டன. அடியில் வெந்த பாறை வெளியே வந்து, மழையில் உதிர்ந்து, ஆற்றோடு கடலுக்குப் போய், அலை ஒதுக்கிய கரையில் சிவப்புக் கோடாகப் படிந்து கிடக்கிறது.